பரண் ஆடினால் எங்கே பார்ப்பது?

காலபோக நெல் குடலைக்கு வரும் நேரம், அதாவது கதிர் வெளிவருமுன் உள்ளே திரளும் நேரம், தென்மராட்சி வயல்காரருக்கு இரவுத் தூக்கம் போய்விடும். பகலில் மயிலும் குரங்கும், இரவில் பன்றி. ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது வரம்போரம் முழுக்க உழுது கிடக்கும். ஆனையிறவுக்கு அப்பால் வன்னியில் யானையும் சேர்ந்துகொள்ளும். அதனால் பரண் கட்டுகிறோம். கையில் கிடைத்த தடியையும் ஆணியையும் வைத்து ஒரு பின்னேரத்தில் கட்டி முடித்துவிடுகிறோம். ஒரு மாரி முழுக்க நனைந்த அந்தப் பரணில் அடுத்த போகத்துக்கும் அப்படியே ஏறுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏறும் முன் என்ன குறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும், எதைச் செய்தால் தீரும் என்பதை இங்கே எழுதுகிறேன். வேட்டைப் பரணுக்கும் காவல் பரணுக்கும் மரவேலை ஒன்றுதான்.

பரணில் இரண்டு வகை. மரத்தோடு பொருத்துவது ஒன்று. நாலு கப்பு நட்டு அதன்மேல் தட்டுப் போடுவது மற்றது. இடம் இருந்தால் கப்புப் பரணைத்தான் கட்டச் சொல்வேன். மரத்துக்குக் காயமில்லை, பழுதும் கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே வரும். யானை நடமாடும் இடத்தில் மட்டும் அது வேண்டாம், ஒரு தள்ளுக்குத் தாங்காது. உயரம் 12 அடி போதும். பன்றிக்குக் கண் மந்தம், மூக்குத்தான் கூர்மை. 20 அடிக்கு ஏறினால் பன்றிக்கு ஒன்றும் மாறாது, விழுகிறவருக்குத்தான் அடி பலமாகும்.

எந்தப் பழுதையும் மேலே ஏறி நின்று தேடாதீர்கள். தனி ஏணி ஒன்றைச் சாத்தி, கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஒரு சுத்தியல், ஒரு ஸ்பனர், ஒரு பழைய திருப்புளி, நூலில் கட்டிய குண்டு, இவ்வளவும் போதும்.

ஆள் ஏறினால் ஆடுகிறது

காற்று அசையாத நேரத்தில் ஒருவர் ஏறியதும் தட்டு இடம்வலமாக ஆடினால் பழுது மூட்டில் இருக்கிறது. எந்த மூட்டு என்பதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஒருவர் நிலத்தில் நின்று கப்பைப் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் ஏணியில் நின்று, இரண்டு மரம் சேரும் கோட்டின் மேல் குறுக்காக விரலை வையுங்கள். விரலின் பாதி ஒரு மரத்திலும் பாதி மற்றதிலும் இருக்க வேண்டும். நல்ல மூட்டில் இரண்டும் சேர்ந்தே அசையும். பழுதான மூட்டில் ஒன்று போக மற்றது நிற்கும், தோல் இழுபடுவது நன்றாகத் தெரியும். இப்படியே ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுக்கொண்டு போனால் கால் மணித்தியாலத்தில் ஆள் பிடிபடுவார்.

அங்கே பெரும்பாலும் ஆணிதான் இருக்கும். பச்சைத் தடியில் அடித்த ஆணியைத் தடி காய்ந்ததும் நம்ப முடியாது, மரம் சுருங்கப் பிடி தளர்ந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகலும், மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கும், துருப் பிடிக்கும். ஆணித் தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் உள்ளே இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது மரத்தைப் பிளக்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது.

ஆணியைப் பிடுங்கிவிட்டு, பழைய துளையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, இரண்டு மரத்தையும் ஊடுருவத் துளைத்து 12 மில்லிமீற்றர் போல்ட் போடுங்கள். தலைப் பக்கமும் நட்டுப் பக்கமும் அகலமான வாசர் கட்டாயம். வாசர் இல்லாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதைந்து திரும்பவும் தளரும். வடமராட்சி கிழக்கு மாதிரிக் கடற்காற்றுப் படும் இடமென்றால் கல்வனைஸ் செய்த போல்ட் வாங்குங்கள், சாதாரண இரும்பு உப்புக்கு நிற்காது. ஒரு மாதம் கழித்து எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்க வேண்டும். மரம் காயக் காய இடைவெளி விடும்.

மூட்டெல்லாம் இறுக்கமாக இருந்தும் ஆடுகிறதா? அப்படியானால் சாய்வு முட்டு இல்லை. கப்பும் தட்டைத் தாங்கும் குறுக்கு மரமான தீராந்தியும் மட்டும் சேர்ந்த சட்டம் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் சரியப் பார்க்கும். முக்கோணம் ஆனால் சரியாது. தட்டிலிருந்து மூன்றடி கீழே கப்பிலும், மூலையிலிருந்து மூன்றடி உள்ளே தீராந்தியிலும் பிடிக்கிற மாதிரி ஒரு முட்டுக் கொடுங்கள். நீளப் பக்கத்துக்கு மட்டும் போட்டுவிட்டு அகலப் பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். அப்போது ஆட்டம் திசை மாறுமே ஒழிய நிற்காது. இரண்டு பக்கமும் வேண்டும்.

ஆடாமல் நடுவில் தொய்ந்தால் அது வேறு கதை. 4க்கு 2 அங்குலத் தீராந்தியைப் படுக்கையாகப் போட்டிருப்பார்கள். அதே மரத்தை நிமிர்த்தி, 4 அங்குலம் உயரமாக வரும்படி வைத்தால் இரண்டு மடங்கு பாரம் தாங்கும், வளைவதும் நாலில் ஒன்றாகக் குறையும். காசு செலவில்லாத திருத்தம் இது.

காற்றடித்தால் மட்டும் கிறீச்சிடுகிறது

ஆளே இல்லாமல் சத்தம் வந்தால் மூட்டைக் குறை சொல்லாதீர்கள். மரம் அசைகிறது, பரண் அதைத் தடுக்கிறது. இரண்டு மரங்களுக்கு இடையில் தீராந்தி வைத்து இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டிய பரணில் இது கட்டாயம் வரும். சோளகம் பலமாக வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் இரண்டு மரமும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வதில்லை. ஒன்று போக மற்றது வரும். நடுவில் மாட்டிய தீராந்தி ஒன்றில் பிளக்கும், இல்லாவிட்டால் போல்ட்டை மரத்திலிருந்து கிண்டி எடுத்துவிடும்.

ஒரு முனையை மட்டும் இறுக்கமாக வையுங்கள். மறுமுனை மரத்தோடு போல்ட் பண்ணிய தாங்கு கட்டையின் மேல் சும்மா படுத்திருக்க வேண்டும். அது வழுக்கி விழாமல் இருக்க, தீராந்தியில் வட்டத் துளைக்குப் பதில் நாலு அங்குல நீளத் துளை வெட்டி அதற்குள்ளால் போல்ட்டை விடலாம். தீராந்தி முன்பின் போகும், கழன்று விழாது. தாங்கு கட்டைக்கும் தீராந்திக்கும் இடையில் பழைய ரயர்த் துண்டு ஒன்றை வைத்தால் சத்தமும் அடங்கும்.

ஒரு பக்கம் இறங்கிவிட்டது

நூல்குண்டைத் தொங்கவிட்டு எந்தக் கப்பு என்று பாருங்கள். கப்பு இறங்கியிருந்தால் மண்ணை ஓரடி கிளறித் திருப்புளியால் குத்துங்கள். நிலமட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் உள்ள பகுதிதான் முதலில் உக்கும். ஆழத்தில் காற்று இல்லை, மேலே ஈரம் நிற்பதில்லை, இரண்டும் சேர்ந்திருப்பது அந்த இடத்தில்தான். திருப்புளி வெண்ணெயில் இறங்கும் மாதிரி இறங்கினால் அந்தக் கப்புக்கு வைத்தியம் இல்லை, மாற்றுங்கள். மண் கோடு ஏறியிருந்தால் கறையான்.

எந்த மரத்தால் மாற்றுவது? சவுக்குத் தடி நேராக வரும், மேலே பாரமும் தாங்கும், ஆனால் மண்ணுக்குள் நிற்காது. பாலையும் முதிரையும் மண்ணில் நீண்ட காலம் நிற்கும். அதற்காகக் காட்டுக்குள் கோடாலியோடு போய்விடாதீர்கள், அது குற்றம். மரக்காலையில் சீட்டோடு வாங்கலாம், இல்லையென்றால் இடித்த பழைய வீட்டின் தீராந்தி கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பனை என்றால் முற்றிய மரத்தின் கறுப்பு வைரம்தான் பலம், உள்ளே உள்ள சோற்றி தண்ணீர் குடித்து உக்கிப்போகும். சோற்றியை வாச்சியால் செதுக்கி எடுத்த பிறகுதான் பாவிக்க வேண்டும். பெண் பனையைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அதே சட்டந்தான்.

என்னைக் கேட்டால் மண்ணுக்குள் மரமே வேண்டாம். வேலிக்குப் போடும் கொங்கிறீற் தூணை மண்ணில் நட்டு, மேலே இரண்டடி வெளியே விட்டு, அதன் பக்கத்தில் மரக் கப்பை இரண்டு போல்ட்டால் பூட்டுங்கள். கப்பின் அடி நிலத்தைத் தொடாமல் ஆறு அங்குலம் உயரத்தில் நிற்கட்டும். கறையான் ஏறினாலும் தூணில் கோடு தெரியும், தட்டிவிடலாம். கப்பைக் கொங்கிறீற்றுக்குள் நட்டே தீர வேண்டுமென்றால் குழிக்கு அடியில் கல்லுப் போட்டுத் தண்ணீர் இறங்க வழி விடுங்கள். மேல்விளிம்பைக் கப்பிலிருந்து வெளிப்புறம் சரிவாக இழுத்து விடுங்கள். குழியாக விட்டால் மாரி முழுக்கக் கப்பு தண்ணீரில்தான் நிற்கும்.

கப்பு உக்கவில்லை, ஆனாலும் இறங்கிவிட்டது என்றால் மண்ணில்தான் பிரச்சினை. வலிகாமத்துச் செம்மண்ணில் கொஞ்சம் தோண்டியதும் சுண்ணக்கல் தட்டுப்படும் இடங்கள் நிறைய. ஒரு கப்பு கல்லில் நிற்கும், அடுத்தது மண்ணில் நிற்கும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் கொட்டியது மாதிரி மழை பெய்தால் மண்ணில் நிற்பது மட்டும் இறங்கும். நாலுக்கும் அடியில் தட்டையான அகலக் கல் வைத்தால் சமமாக நிற்கும். மணற்பாங்கான பக்கமென்றால் குறைந்தது மூன்றடி ஆழம் வேண்டும்.

பழைய சண்டைக் களமாக இருந்த பக்கங்களில் குழி தோண்டும்போது முன்பின் தெரியாத இரும்பு ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை அந்த இடத்திலேயே விட்டு விலகிப் பொலிசுக்குச் சொல்லுங்கள். மண்வெட்டியால் தட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

பலகை மெத்தென்று அமுங்குகிறது, வெண்தூள் கொட்டுகிறது

தூள் கொட்டினால் உளுத்துவிட்டது. அந்தப் பலகையைக் கழற்றி எரியுங்கள், பக்கத்துப் பலகைகளையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் அதுவும் போகத்தான் வேண்டும். புதுப் பலகைகளை ஒட்ட ஒட்ட அடிக்காமல் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விடுங்கள், தண்ணீர் நிற்காது. மேலே சாக்கோ தும்பு விரிப்போ போட்டு வைக்காதீர்கள். இருக்கச் சுகமாக இருக்கும், பலகை அடியிலிருந்து உக்கும். மார்கழியில் பச்சைப் பாசி பிடித்து வழுக்கினால் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, பெயின்ற் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மணல் தூவுங்கள். கழிவு எஞ்சின் ஒயில் பூசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கப்புக்குப் பூசுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். கால் வைக்கும் பலகைக்கும் ஏணிக்கும் வேண்டவே வேண்டாம்.

கயிறோ கம்பியோ மரத்துக்குள் புதைந்துவிட்டது

மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தால் அது பருக்கப் பருக்கக் கட்டு பட்டைக்குள் இறங்கும். மரத்தின் உணவு பட்டைக்கு அடியில்தான் ஓடுகிறது. முழுச் சுற்றாகக் கட்டு இறுகினால் கட்டுக்கு மேலே வீங்கும், காலப்போக்கில் மரம் செத்துப் போகும். வெளியே தெரியும் கட்டை வெட்டி விடுங்கள், புதைந்ததைக் கிண்டாதீர்கள். ஆச்சரியமாக இருக்கலாம், சுற்றிக் கட்டுவதைவிட ஒரு தடித்த போல்ட் போடுவது மரத்துக்கு நல்லது. மா, புளி, வேம்பு மாதிரி மரங்கள் காயத்தை உள்ளே மூடி, அழுகல் பரவாமல் தடுப்புப் போட்டுக்கொள்ளும். சின்ன ஆணிகளை நெருக்கமாக அடித்தால் காயங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அதனால் குறைந்தது ஓரடிக்கு ஒன்றாக, தடித்த போல்ட்டுகள் சிலவே போதும். தீராந்திக்கும் பட்டைக்கும் நடுவில் ஓரிரு அங்குலம் விட்டால் மரம் பருக்க இடமிருக்கும்.

பனையும் தென்னையும் இதில் சேராது. அவை காயத்தை மூடுவதில்லை, போட்ட துளை கடைசிவரை துளைதான். சிவப்புக் கூன்வண்டுக்கு அது திறந்த கதவு. நிற்கும் பனையில் துளை போட்டுப் பரண் கட்டாதீர்கள்.

துளை போடும்போது மெசின் நின்றுவிடுகிறது

நம்முடைய மரங்களில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். பழைய மரங்களுக்குள் ஷெல் துண்டும் சன்னமும் கிடக்கின்றன. வாள் போடுகிறவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வெளியே வரும் தூள் நீலக் கறுப்பாக மாறினால் அலகு இரும்பைத் தொடப்போகிறது என்று அர்த்தம். அழுத்தாமல் நிறுத்தி, ஓரடி மேலே புதிதாகத் துளைப்பதுதான் வழி.

மரமே சரியில்லையோ என்று சந்தேகம்

சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டுங்கள். கோறையாக ஒலித்தால், அடியில் காளான் முளைத்திருந்தால், உச்சிக் கொப்புகள் காய்ந்திருந்தால் அந்த மரத்தை விடுங்கள். பழைய வேம்புகள் வெளியே பச்சையாகவும் உள்ளே வெறுமையாகவும் நிற்கும். இரண்டு தண்டு நெருங்கி முளைத்து, நடுவில் பட்டை நசுங்கி நிற்கும் கவட்டையும் பார்க்கப் பலமாகத்தான் தோன்றும், ஆனால் பிளப்பது அங்கேதான். 2020 மார்கழியில் புரெவி வந்தது போல ஒரு புயல் போன பிறகு வேர்ப் பக்கத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மண் உயர்ந்து வெடித்திருந்தால் மரம் ஆடத் தொடங்கிவிட்டது. முருங்கையிலும் கல்யாண முருங்கையிலும் யாரும் ஏறக்கூடாது. புளி கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு.

மாமரத்தில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று பகலிலேயே பாருங்கள். இருட்டில் ஏணியில் பாதி ஏறிய பிறகு கழுத்தில் கடித்தால் கை தானாகப் பிடியை விட்டுவிடும்.

இடத்தையும் பாருங்கள். சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் பரணும் வேட்டையும் கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் வயலில் உங்கள் பயிரைக் காவல் செய்யுங்கள். கம்பியில் தட்டுப்பட்டதும் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கு வைப்பவர்களுக்குச் சொல்கிறேன், அதில் பன்றியை விட மாடும் மனிதரும் அகப்படுவதை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் பதற்றமாக இருக்கிறது

அந்தப் பதற்றம் சரிதான். பரணில் குந்தியிருக்கும்போது விழுகிறதைவிட ஏணியிலிருந்து தட்டுக்கு மாறும் அந்த ஓரடியில் விழுவது சுலபம். காரணம் அனேகமாக ஏணிதான், தட்டு மட்டத்தோடு அது முடிந்திருக்கும். பிடிக்க ஒன்றுமில்லாமல் தவழ வேண்டி வரும். ஏணியின் இரண்டு கையும் தட்டுக்கு மேலே மூன்றடி நீண்டு நிற்கட்டும். படிக்குப் படி ஓரடி. நாலடி உயரத்துக்கு ஓரடி என்று அடியை வெளியே தள்ளிச் சாத்தி, மேல்முனையைக் கட்டிவிடுங்கள். தண்டில் துண்டுக் கட்டைகளை ஆணியால் அடித்துப் படியாக்குவதை நிறுத்தினால் பெரிய புண்ணியம். கட்டை ஒன்று சுழன்றாலே ஆள் கீழே.

காலில் மாட்டும் தளைநாரைப் பார்க்காமல் பனை ஏறுகிறவர் இல்லை. பரணுக்கும் ஒரு பட்டி வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டி ஆளைத் தாங்கினாலும் விலாவையும் வயிற்றையும் நசுக்கும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழுப் பட்டி, கட்டட வேலைக்காரர் போடுவது, யாழ்ப்பாணக் கடைகளில் தேடினால் கிடைக்கும். அதைப் பரணில் கட்டாதீர்கள். மரத்தண்டில், தலைக்கு மேலே, குந்தியிருக்கும்போது கயிறு கிட்டத்தட்ட இறுகி நிற்கும் அளவில் கட்டுங்கள். கப்புப் பரணென்றால் கப்புகள் தட்டுக்கு மேலும் நீண்டிருக்க வேண்டும், ஒரு கப்பில் கட்டலாம். நிலத்தை விட்டுக் கால் எடுக்கும்போதே பட்டி மாட்டியிருக்க வேண்டும். விழுந்து தொங்க நேர்ந்தால் அசையாமல் தொங்குவது உயிருக்கே ஆபத்து, காலில் இரத்தம் தேங்கிவிடும். அதனால் கால் ஊன்ற ஒரு கயிற்று வளையம் எப்போதும் பையில் இருக்கட்டும். தும்புக் கயிறு இந்த வேலைக்கு வேண்டாம். நைலோன் கயிறும் வெயிலில் வெளிறி, வளைத்தால் தூள் பறக்கத் தொடங்கினால் ஆடு கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறவேண்டாம். தோட்டாவைக் கழற்றி, குழல் நிலத்தைப் பார்க்கக் கட்டி, நீங்கள் மேலே போய் அமர்ந்து பட்டியைச் சரிபார்த்த பிறகு கயிற்றால் இழுத்தெடுங்கள். இறங்கும்போது அது முதலில் இறங்கும். ஐப்பசி இடி முழக்கம் கேட்டால் பன்றியைப் பயிரோடு விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள். வெளிவயலில் தனித்து நிற்கும் மரத்தில் இருக்கும் நேரமல்ல அது.

திருத்தியாயிற்று, இனி ஏறலாமா?

இன்னும் இல்லை. முதலில் மணல் ஏறட்டும். சீமெந்துப் பை நிறைய மணல் 50 கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் இருக்கிற பரணுக்கு ஆறு பை கணக்கு வையுங்கள். மேல் கொப்பில் கப்பி மாட்டி, கீழே யாரும் நிற்காமல், ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றுங்கள். கொப்பு இல்லாவிட்டால் தட்டின் தீராந்தியில் கயிறு போட்டுப் பைகளைக் கீழே தொங்கவிட்டாலும் சரி. ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் நூல்குண்டைத் திரும்பத் தொங்கவிட்டு, மூட்டுகளில் விரல் வைத்துப் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் இறுக்கலாம். தீராந்தியில் புதிய வெடிப்பு ஒன்று தெரிந்தால், முடி அளவாக இருந்தாலும், அந்தத் தீராந்தி இறங்க வேண்டும். மரத்தை மாற்றித் திரும்பவும் மணல் ஏற்றுங்கள். மாரி முடிந்ததும் பலகைகளைக் கழற்றி, கொட்டிலுக்குள் நிறுத்தி வைத்தால் அடுத்த போகத்துக்கும் அதே பலகை உதவும்.